சாம்பல் காத்த ரொட்டியும் கல் காத்த படித்தரமும்

கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்து, ரோமானியரின் பாம்பேய் நகரம் சாம்பலில் புதைந்தது. திருமலை, திருப்பதிக் கோயில்களிலோ நூற்றாண்டுக் கணக்கில் கல்வெட்டுகள் பொறிக்கப்பட்டன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அவற்றுள் பெரும்பாலானவை தமிழ். அங்கே பேரழிவு, இங்கே பெருவழிபாடு. ஆனாலும் அன்றாட வாழ்வைத் தேடுவோருக்கு இரண்டுமே கருவூலங்கள்.

முதலில் சோறு. பாம்பேயின் ஒரு ரொட்டிச் சூளையில் 81 ரொட்டிகள் கரிந்தபடியே கிடைத்தன. அவ்வூர் ரொட்டி வட்டமானது. பிட்டுத் தின்ன வசதியாக மேலே எட்டுக் கீறல்கள். தெருவோர உணவுக்கடை ஒன்றின் சாடிகளில் வாத்து, ஆடு, பன்றி, மீன், நத்தை எல்லாவற்றின் மிச்சமும் இருந்தது. திருமலையில் அன்றைய அப்பமோ அதிரசமோ மிஞ்சவில்லை; அவற்றின் கணக்கு மிஞ்சியிருக்கிறது. அரிசி இத்தனை மரக்கால், நெய் இத்தனை நாழி, உப்பு, மிளகு, பயறு இவ்வளவு என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். பிரசாதத்தில் கட்டளை வைத்தவருக்குரிய பங்குக்கு ‘விட்டவன் விழுக்காடு’ என்று பெயர்.

அடுத்து சுவரெழுத்து. பாம்பேய்ச் சுவர்களில் தேர்தல் விளம்பரங்கள் மட்டுமே 2,500-க்கு மேல்; இன்னாரை ஆதரியுங்கள் என்று தொழிற்கூட்டத்தாரும் அண்டைவீட்டாரும் எழுதச் செய்தவை. திருமலைச் சுவர்கள் பேசுவது முதலீட்டை. விஜயநகரக் காலத்தில் ஸ்ரீபண்டாரம் என்ற கோயில் கருவூலத்தில் பக்தர்கள் செலுத்திய பொன்னைக் கொண்டு கோயில் கிராமங்களில் ஏரி, கால்வாய் வெட்டினார்கள். கூடுதல் விளைச்சலில் நைவேத்தியம் நடந்தது. பக்தி, பாசனம், சமையல் மூன்றையும் ஒரே ஏற்பாட்டில் கோத்த அந்த நிர்வாக அறிவு வியக்கத்தக்கது.

பெண்கள் குரல் இரண்டிலும் உண்டு. வாக்குரிமை இல்லாத பாம்பேய்ப் பெண்கள், அசெல்லினாவின் மதுக்கடையினரைப் போல, வேட்பாளருக்கு ஆதரவு தெரிவித்தார்கள். திருமலையில் பல்லவ குலத்து அரசி சாமவை, 10-ஆம் நூற்றாண்டில் வெள்ளித் திருமேனியும் நிலமும் அளித்தார். பிற்காலத்தில் கோயில் பணியிலிருந்த எம்பெருமானடியார் என்னும் பெண்களும் கட்டளை வைத்தார்கள்.

பெரிய வேறுபாடு, சான்று உருவான விதத்தில்தான். சாம்பல் ஆள் பார்த்து மூடவில்லை. செல்வர் மாளிகையோடு அடிமைகள் உறங்கிய அறையும் எஞ்சியது. ஆனால் அது பெரும்பாலும் ஊரின் கடைசிக் கட்டத்தையே காட்டுகிறது. கல்வெட்டு, தலைமுறை தலைமுறையாக விலையும் வழக்கமும் மாறிய கதையைச் சொல்கிறது. எனினும் கொடுத்தவரின் பெயரைச் சொல்லும் அளவுக்கு, கால்வாய் வெட்டியவரையும் மடைப்பள்ளியில் சமைத்தவரையும் அது சொல்வதில்லை. அவர்களைக் காண, கல்வெட்டில் வரும் அந்தக் கிராமங்களின் ஏரிக்கரைகளையும் குடியிருப்பு மேடுகளையும் ஆராய வேண்டும். சித்தூர், திருப்பதி வட்டாரத்துக்கு அந்த ஆய்வு ஒரு கடமையே.