தக்கை காத்த தகடு

பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய உலோக வில்லை அது. ஷாம்பெய்ன் பாட்டிலின் தக்கைக்கும், அந்தத் தக்கையை இறுக்கிப் பிடித்திருக்கும் கம்பிக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும். பெரும்பாலான வீடுகளில் பாட்டிலைத் திறந்ததும் கம்பியோடு குப்பைக்குப் போகும். பிரான்சிலோ அதைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்கள் ஏராளம். அந்த வில்லையின் கதை சணல் நூலில் தொடங்குகிறது.

ஷாம்பெய்ன், பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கும் ஒயின். அப்போது உண்டாகும் கரியமில வாயு வெளியேற வழியில்லாமல் ஒயினிலேயே கரைந்து நிற்கும். உள்ளே அழுத்தம் ஐந்தாறு வளிமண்டல அளவு. கார் டயரில் இருப்பதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு. தக்கையை எவ்வளவு இறுக்கிச் செருகினாலும் கட்டில்லாமல் நிற்காது. 1728இல் பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயி, ஷாம்பெய்ன் ஒயினைப் பாட்டிலில் அடைத்து அனுப்ப அனுமதித்தார். 1735இல் வந்த அரச ஆணை, பாட்டிலின் எடையோடு கட்டும் முறையையும் வகுத்தது: மூன்று இழை நூலை நன்றாக முறுக்கி, தக்கையின் மேல் சிலுவை போலக் கட்ட வேண்டும்.

கட்டு சரிதான், நூல்தான் நிலைக்கவில்லை. ஷாம்பெய்ன் முதிர்வது நிலவறைகளில். அங்குள்ள ஈரத்தில் நூல் இற்றுப்போனது, எலிகளும் கடித்தன. அதனால் நூலுக்குத் துணையாக இரும்புக் கம்பி வந்தது. கம்பி இற்றுவிழவில்லை, ஆனால் புதிய தொல்லையைக் கொண்டுவந்தது. உள்ளிருந்து வாயு தள்ள, மேலிருந்து கம்பி அழுத்த, மென்மையான தக்கை வெட்டுப்பட்டது.

இதற்கு வழி கண்டவர் ஷலோன் நகரத்து ஷாம்பெய்ன் வணிகர் அடோல்ஃப் ஜாக்கசோன். 1844இல் அவர் காப்புரிமை பெற்ற யோசனை மிக எளியது: தக்கையின் தலையில் வெள்ளீயம் பூசிய சிறு தகட்டை வைத்து, அதன்மேல் கட்டுவது. கம்பியின் இறுக்கம் ஒரே கோட்டில் விழாமல் தகடு முழுக்கப் பரவியது, தக்கை பிழைத்தது. அதே ஊரில் சில ஆண்டுகளுக்கு முன்புதான் பிரான்சுவா என்ற மருந்தாளுநர், பாட்டில் வெடிக்காமலிருக்க எவ்வளவு சர்க்கரை சேர்க்கலாம் என்று கணக்கிடும் முறையை வெளியிட்டிருந்தார். அவர் கணக்கு உள்ளிருக்கும் வேகத்தை அளந்தது. ஜாக்கசோனின் தகடு அதை மேலிருந்து தாங்கியது.

காலப்போக்கில் நூல் மறைந்து, நான்கு கால்களும் கழுத்தைச் சுற்றிய வளையமும் கொண்ட கம்பிக்கூடு நிலைத்தது. பிரெஞ்சில் அதன் பெயர் ‘மியூஸ்லே’. விலங்குகளுக்கு வாய்ப்பூட்டுப் போடுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். வளையத்தின் முறுக்கை வழக்கமாக ஆறு அரைச்சுற்றுகளில் அவிழ்ப்பார்கள். அவிழ்க்கும்போதே கட்டைவிரலைத் தக்கைமேல் வைத்துக்கொள்வது நல்லது. பூட்டுத் தளர்ந்தால் தக்கை காத்திருக்காது.

வெறுந்தகடாக இருந்தவரை யாரும் அதைச் சேர்க்கவில்லை. 1906இல் எபர்னே நகரின் போல் ரோஜே நிறுவனம் வெளியிட்டதையே அலங்கரிக்கப்பட்ட முதல் வில்லையாகச் சேகரிப்பாளர்கள் சொல்கிறார்கள். பிறகு ஒவ்வொரு நிறுவனமும் தன் சின்னத்தைப் பதித்தது. வ்யூவ் கிளிக்கோ வில்லையில் இருப்பது, 27 வயதில் கணவரை இழந்து அந்த நிறுவனத்தை எடுத்து நடத்திய கிளிக்கோ அம்மையாரின் முகம். திராட்சை விவசாயிகள் தங்கள் பெயரிலேயே பாட்டில் அடைக்கத் தொடங்கியபோது சிற்றூர்த் தேவாலயம், பூக்கள், பறவைகள் எல்லாம் அந்தச் சிறு வட்டத்துக்குள் வந்தன. திருமணத்துக்கென்று தனியாக அச்சிடுவோரும் உண்டு.

இந்தச் சேகரிப்புக்கு ‘பிளாக்கோமியூசொஃபிலி’ என்று பெயர். தபால்தலைக்கு இருப்பதுபோல் இதற்கும் பட்டியல் நூல்கள், அடுக்கி வைக்கும் ஆல்பங்கள், மாற்றிக்கொள்ளும் சந்தைகள் இருக்கின்றன. ஒரே படத்தின் நிறம் மாறினாலும் தனி வில்லையாகக் கணக்கிடுவார்கள். நசுங்காதது, துருவேறாதது, குறைவாக வெளிவந்தது என்றால் விலை கூடும். ஸ்பெயினில் காவா ஒயினின் வில்லைகளுக்கும் இதே மரியாதை.

உங்கள் கைக்கு ஒன்று வந்தால் படத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பியும் பாருங்கள். பின்பக்கத்தில் படமில்லை, பெயரில்லை. பாட்டிலைத் திறக்கும்வரை தக்கையோடு தலை முட்டி நின்றது அந்தப் பக்கம். 1844இல் ஜாக்கசோன் செய்ய நினைத்தது அதை மட்டும்தான்.