வேகத்துக்கு வரும் நோட்டீஸ்

உளுந்தூர்பேட்டை–சேலம் நெடுஞ்சாலையில் எலவனாசூர்கோட்டையைக் கடந்து போகும் காருக்கு இன்று வேக மீறல் நோட்டீஸ் வந்தால், அது பெரும்பாலும் உரிமையாளரின் கைபேசிக்குக் குறுஞ்செய்தியாகவே வரும். வண்டி எண், இடம், நேரம், சட்டப் பிரிவு, கட்ட வேண்டிய தொகை எல்லாம் அதில் இருக்கும். முதன்முறை பெறுகிறவருக்கு இது கணினிக் காலத்துப் புதுமையாகத் தோன்றும். கேமராதான் புதிது, நோட்டீஸ் பழையது. இந்த ஊர் தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்த பிரிட்டிஷ் காலத்திலேயே அதற்கான விதி எழுதப்பட்டுவிட்டது.

உலகின் முதல் வேக அபராதமாகப் பொதுவாகச் சொல்லப்படுவது 1896 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் வால்டர் அர்னால்டு என்பவருக்கு விதிக்கப்பட்டது. மணிக்கு 2 மைல் எல்லையில் அவர் 8 மைல் வேகத்தில் போனார். போலீஸ்காரர் சைக்கிளில் துரத்திப் பிடித்தார். அபராதம் ஒரு ஷில்லிங்கும் வழக்குச் செலவும். அதற்குப் பிறகு அங்கே போலீஸார் வேலிமறைவில் நிறுத்துக் கடிகாரத்துடன் காத்திருந்து, அளந்து வைத்த தூரத்தை வண்டி எத்தனை நொடியில் கடக்கிறது என்று கணக்கிட்டார்கள். அந்தப் பொறிகளைப் பற்றி ஓட்டுநர்களை எச்சரிக்கவே 1905இல் ஆட்டோமொபைல் அசோசியேஷன் தொடங்கப்பட்டது. சாலையோரச் சேவைக்குப் பேர்போன அந்தச் சங்கத்தின் பிறப்பு, போலீஸுக்கு எதிரான வேவு வேலையில்!

இந்தியாவில் மாகாணங்கள் தனித்தனியே சட்டம் போட்டன. சென்னை மாகாணச் சட்டம் 1907ஆம் ஆண்டினது. நாடு முழுமைக்குமான முதல் மோட்டார் வாகனச் சட்டம் 1914இல் வந்தது. இன்று நாம் காணும் நோட்டீஸின் கரு உருவானது 1939ஆம் ஆண்டுச் சட்டத்தில். அதன் 115ஆம் பிரிவு வேக மீறலுக்கு 100 ரூபாய் வரை அபராதம் விதித்தது. அந்தக் காலத்துக்கு அது கனமான தொகை. ஆனாலும் அச்சட்டத்தில் கவனிக்க வேண்டியது தொகை அல்ல, அதைச் சுற்றி வைத்த மூன்று காப்புகள்.

முதலாவது, சாட்சியம். வண்டி வேகமாகப் போனது என்று ஒரே ஒரு சாட்சி தன் கருத்தைச் சொன்னால் மட்டும் தண்டிக்க முடியாது. அந்தக் கருத்துக்கு ஏதேனும் இயந்திரக் கருவியின் அளவீடு ஆதாரமாக இருக்க வேண்டும். இரண்டாவது, தகவல். வழக்கு வரக்கூடும் என்று ஓட்டுநருக்கு அந்த இடத்திலேயே சொல்ல வேண்டும். இல்லையேல் 14 நாளுக்குள் அவருக்கோ பதிவு உரிமையாளருக்கோ குற்றம், நேரம், இடம் குறித்த நோட்டீஸைப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். அதுவும் இல்லையேல் 28 நாளுக்குள் சம்மன் சேர வேண்டும். 1930ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சாலைச் சட்டத்தில் இருந்த ஏற்பாட்டின் வழிவந்தது இது. மாதக்கணக்கில் கழித்து, ‘அன்றைக்கு அந்த வளைவில் வேகமாகப் போனாய்’ என்றால் யாருக்கு நினைவிருக்கும்? நியாயமான கேள்விதான். மூன்றாவது, வசதி. சிறு குற்றமென்றால் குற்றத்தை ஒப்புக்கொண்டு பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி, நீதிமன்றம் குறிப்பிடும் 25 ரூபாய்க்கு மிகாத தொகையைக் கட்டிவிடலாம். சேலத்து லாரி ஓட்டுநர் இதற்காக உளுந்தூர்பேட்டைப் பக்கத்து நீதிமன்றப் படி ஏறி ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியதில்லை.

1988ஆம் ஆண்டுச் சட்டம் 1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது இந்த மூன்றும் ஏறக்குறைய அப்படியே தொடர்ந்தன. 183ஆம் பிரிவு முதல் மீறலுக்கு 400 ரூபாய், மறுபடி செய்தால் 1,000 ரூபாய் என்று உச்ச வரம்பு வைத்தது. நோட்டீஸ் விதி 209ஆம் பிரிவானது. தபாலில் குற்றத்தை ஒப்புக்கொள்வது 208ஆம் பிரிவில் மணியார்டர் வரை நீண்டது. 200ஆம் பிரிவின்படி மாநில அரசு நியமிக்கும் அதிகாரியிடம் சமரசத் தொகை கட்டி, நீதிமன்றம் போகாமலே முடிக்கவும் வழி இருந்தது. ‘ஸ்பாட் ஃபைன்’ என்று ஓட்டுநர்கள் சொல்வது இதைத்தான்.

இதற்கிடையே சாலையே மாறியது. எலவனாசூர்கோட்டை வழியாகப் போன தேசிய நெடுஞ்சாலை 68, எண் மாற்றத்துக்குப் பின் 79 ஆனது. சேலம் முதல் உளுந்தூர்பேட்டை வரை சுமார் 136 கி.மீ. சாலை நான்கு வழியாக்கப்பட்டது. ஆனால் எலவனாசூர்கோட்டை, தியாகதுருகம், கள்ளக்குறிச்சி, சின்னசேலம் போன்ற ஊர்களின் புறவழிச்சாலைகள் இருவழியாகவே விடப்பட்டன. நான்கு வழியில் பழகிய வேகம் இருவழிக்குள் நுழைந்ததும் எதிர்வண்டியைச் சந்தித்தது. அந்தப் புறவழிகள் விபத்துக்குப் பேர்பெற்றன. ஓட்டுநரைக் குறை சொல்வது எளிது. பாதி செய்து நிறுத்திய சாலைக்கும் அதில் பங்குண்டு.

வேக எல்லையின் கணக்கும் இந்த இடத்தில் மாறும். மத்திய அரசின் 2018 ஏப்ரல் அறிவிப்பு காருக்கு நடுத்தடுப்புள்ள நான்கு வழிச் சாலையில் மணிக்கு 100 கி.மீ., மற்ற சாலைகளில் 70 கி.மீ. என்றது. விரைவுச் சாலைக்கு 120 என்று அனுமதித்த அந்த அறிவிப்பைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல், விபத்து இழப்பீட்டு வழக்கொன்றில், ரத்து செய்தது. 2014ஆம் ஆண்டின் குறைந்த வரம்புக்குத் திரும்பச் சொன்னது. எனவே ஓட்டுநருக்கு நம்பகமான வழிகாட்டி அந்தந்த இடத்தில் நட்டிருக்கும் வேகப் பலகைதான்.

சட்டத் திருத்தத்தால் 2019 செப்டம்பர் 1 முதல் தண்டனை ஏறியது. கார் போன்ற இலகுரக வாகனத்துக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை, நடுத்தர மற்றும் கனரக வாகனத்துக்கு 2,000 முதல் 4,000 ரூபாய் வரை. மறுமுறை பிடிபட்டால் ஓட்டுநர் உரிமம் கைப்பற்றப்படும். தமிழ்நாடு தன் சமரசத் தொகைகளை 2022 அக்டோபரில் திருத்தியது. பழைய தபால் நோட்டீஸின் வாரிசு, மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்டில் வந்த 167ஏ விதி. வேகம் அளக்கும் கருவி ஆண்டுதோறும் சான்று பெற வேண்டும். கண்காணிப்பு உண்டு என்று பலகை வைக்க வேண்டும். வண்டி எண் தெரியும் படமும் கருவி காட்டிய அளவும் சலானில் இருக்க வேண்டும். வந்தபோது அந்த விதி நோட்டீஸ் அனுப்ப 15 நாள் கெடு வைத்தது. 1939இன் ‘இயந்திரக் கருவி’யும் ‘14 நாளும்’ வேறு உடையில் வந்து நிற்கின்றன.

ஆகவே முதல் நோட்டீஸ் பெறுகிறவர் எதிர்பார்க்க வேண்டியவை அதிகமில்லை. அது ஆர்.சி.யில் பெயர் உள்ளவருக்கே வரும். ஓட்டியது யார் என்று கேட்டால் சொல்லும் கடமையும் அவருக்கே. வண்டியை விற்றும் பெயர் மாற்றாமல் விட்டவர்களுக்குத்தான் இதில் பெரிய தலைவலி. பக்கத்து ஊரில் யாரோ ஓட்டும் பைக்குக்குப் பழைய உரிமையாளர் பதில் சொல்ல நேரும். தொகையை இணையத்தில் கட்டிவிட்டால் பெரும்பாலும் விஷயம் முடியும். பலர் எதிர்பாராதது வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் கடிதம்: சாலைப் பாதுகாப்புக்கான உச்ச நீதிமன்றக் குழு 2015இல் கூறியபடி, முதல் வேக மீறலுக்கே குறைந்தது மூன்று மாதம் உரிமத்தை நிறுத்தி வைக்க இடமுண்டு. அதற்கு முன் விளக்கம் கேட்பார்கள். பதில் தருவது நல்லது.

படத்தில் இருப்பது வேறு வண்டி என்றாலோ, இடமும் நேரமும் பொருந்தவில்லை என்றாலோ பணம் கட்டாமல் மறுக்கலாம். கட்டாமலும் மறுக்காமலும் விட்டால் சலான் மறைந்துவிடாது, மத்திய அரசின் ‘பரிவாகன்’ போக்குவரத்து இணையதளக் கணக்கில் அந்த வண்டி எண்ணின் மீது நிலுவையாகவே இருக்கும்.