ஏழைகளின் வழக்கறிஞரும் கல்விக் கடனும்

ஃபுளோரிடா மாநிலச் சிறையிலிருந்து கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன் என்பவர் பென்சிலால் எழுதி அனுப்பிய மனுவின் மீது, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963-ல் ஒருமனதாகத் தீர்ப்பு வழங்கியது. கடுங்குற்றம் சாட்டப்பட்டு, வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வசதியில்லாமல் நிற்கும் ஒருவருக்கு அரசே வழக்கறிஞரை அமர்த்தித் தர வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். உரிமை ஏட்டில் ஏறிவிட்டது. அதை நீதிமன்ற அறைக்குள் நிறைவேற்றித் தர ஆள் வேண்டுமே?

அந்த வேலையைச் செய்பவர்களை அங்கே ‘பப்ளிக் டிஃபெண்டர்’ என்று அழைக்கிறார்கள். குற்ற வழக்குகளை இவர்கள் பார்க்கிறார்கள். வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றப்படுவோர், குடும்ப வன்முறைக்கு ஆளானோர், அரசு உதவித்தொகை மறுக்கப்பட்ட முதியோர் ஆகியோரின் உரிமையியல் வழக்குகளை இலவச சட்ட உதவி அமைப்புகள் ஏற்கின்றன. இவற்றுக்கு நிதி வழங்குவதற்காக 1974-ல் நிறுவப்பட்ட சட்ட சேவைக் கழகம் 2022-ல் வெளியிட்ட ஆய்வின்படி, குறைந்த வருமானமுள்ள அமெரிக்கர்கள் சந்திக்கும் முக்கியமான உரிமையியல் சிக்கல்களில் 92 விழுக்காட்டுக்குப் போதிய சட்ட உதவி கிடைப்பதில்லை. முற்றிலும் கிடைக்காதவையும் இதில் அடங்கும்.

வழக்கறிஞர்களுக்குப் பஞ்சமான நாடல்ல அது. பஞ்சம் இந்த ஊதியத்துக்கு வேலை செய்ய முடிந்தவர்களுக்குத்தான். பெருநகரங்களின் பெரிய சட்ட நிறுவனங்கள் முதலாண்டு வழக்கறிஞருக்கு ஆண்டுக்கு 2,25,000 டாலர் வரை தருகின்றன. சட்ட உதவி அமைப்பில் சேரும் அதே வகுப்புத் தோழருக்குக் கிடைப்பது பெரும்பாலும் 60,000 டாலரை ஒட்டிய தொகை. அமெரிக்காவில் சட்டம் என்பது இளநிலைப் பட்டம் முடித்த பிறகு படிக்கும் மூன்றாண்டுப் படிப்பு. கல்லூரியை விட்டு வெளியே வரும்போது பலரின் கடன் 1 லட்சம் டாலரைத் தாண்டியிருக்கும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கடன் 1,50,000 டாலர், வட்டி 7 விழுக்காடு என்று கொள்வோம். பத்தாண்டுகளில் அடைத்து முடிக்க மாதத் தவணை ஏறத்தாழ 1,740 டாலர். ஆண்டுக்கு 60,000 டாலர் பெறுபவரின் மாதச் சம்பளம், வரிப் பிடித்தத்துக்கு முன்பே, 5,000 டாலர்தான். மூன்றில் ஒரு பங்கு கடனுக்கே போய்விடும். வருமானத்துக்கேற்ற தவணை முறைக்கு மாறினால், தனி ஆளுக்கு மாதம் 300 டாலரை ஒட்டி வரும். மூச்சு விடலாம். ஆனால், வட்டி மட்டுமே மாதம் 875 டாலர். கட்டக் கட்டக் கடன் வளரும். சம்பளம் மெல்ல உயர்வதாக வைத்துக்கொண்டாலும், பத்தாம் ஆண்டின் முடிவில் பாக்கி 2 லட்சம் டாலரைச் சுற்றி நிற்கும்.

இந்த முடிச்சை முதலில் அவிழ்க்க முயன்றவை சட்டக் கல்லூரிகள். ஹார்வர்டு சட்டக் கல்லூரி 1978-ல் தொடங்கிய குறைந்த வருமானப் பாதுகாப்புத் திட்டம் இவ்வகையில் முன்னோடி. இத்தகைய திட்டங்கள் பலவற்றில் நடைமுறை ஏறத்தாழ ஒன்றுதான்: பட்டதாரியின் தவணைக்குரிய தொகையைக் கல்லூரி புதிய கடனாகக் கொடுக்கும், அவர் குறிப்பிட்ட காலம் அப்பணியில் நீடித்தால் அக்கடன் தள்ளுபடியாகும். நல்ல ஏற்பாடு. எனினும், பெரிய அறக்கட்டளை நிதி வைத்திருக்கும் கல்லூரிகளுக்கே இது தாராளமாகக் கைகூடும். ஏழைகளுக்காக வாதாடுவோரில் பலர் படித்து வரும் சாதாரண மாநிலக் கல்லூரிகளின் நிலை அதுவன்று.

எனவே, 2007-ல் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்ட சட்டம் பெரிய திருப்பமாகக் கருதப்பட்டது. அதன்படி உருவானதுதான் பொதுச் சேவைக் கடன் தள்ளுபடித் திட்டம். அரசுப் பணியிலோ வரிவிலக்கு பெற்ற தொண்டு நிறுவனத்திலோ முழுநேரம் வேலை செய்தபடி 120 மாதத் தவணைகளைக் கட்டினால், மத்திய அரசிடம் நேரடியாகப் பெற்ற கடனின் மீதி முழுவதும் தள்ளுபடி. அந்தத் தொகைக்கு மத்திய வருமான வரியும் கிடையாது. ஆசிரியர், செவிலியர் எனப் பலருக்கும் பொருந்தும் திட்டம் இது. கடன் பெரிதாகவும் சம்பளம் சிறிதாகவும் உள்ள பொதுநல வழக்கறிஞருக்கு வாழ்க்கைத் தொழிலையே தீர்மானிக்கும் திட்டம்.

முதல் தள்ளுபடிகள் 2017 அக்டோபரில் கிடைத்திருக்க வேண்டும். விண்ணப்பித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வெறுங்கையுடன் திரும்பினர். கடன் பழைய வங்கிக் கடன் வகையைச் சேர்ந்தது, தவணை முறை தவறானது, பணிச் சான்று சரியில்லை என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. தவணை வசூலிக்கும் நிறுவனங்கள் பல ஆண்டுகளாகச் சரியான தகவலைச் சொல்லவில்லை என்பது பின்னர் வெளிச்சத்துக்கு வந்தது. தவறான தவணை முறையில் கட்டியவர்களை மீட்க 2018-ல் நாடாளுமன்றம் துணைத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதன் முதலாண்டில் பரிசீலிக்கப்பட்ட சுமார் 54,000 விண்ணப்பங்களில் ஏற்கப்பட்டவை 661 மட்டுமே என்று நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2019-ல் அறிக்கை அளித்தது.

இதைவிடக் கவலைக்குரியது, அமெரிக்க வழக்கறிஞர் சங்கமும் நான்கு வழக்கறிஞர்களும் 2016 டிசம்பரில் தொடுத்த வழக்கு. ‘உங்கள் பணி திட்டத்துக்குத் தகுதியானது’ என்று முன்னர் எழுத்தில் உறுதியளித்த கல்வித் துறை, சில ஆண்டுகள் கழித்து அதைத் திரும்பப் பெற்றது. அந்த உறுதியை நம்பிக் குறைந்த சம்பளத்தில் கழித்த ஆண்டுகளை யார் திருப்பித் தருவார்கள்? வாஷிங்டன் மத்திய நீதிமன்றம் 2019 பிப்ரவரியில், முன்னறிவிப்பின்றி அளவுகோலை மாற்றியது தன்னிச்சையான செயல் எனக் கண்டித்து, நால்வரில் மூவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பொதுநல வழக்கறிஞர்களே தங்கள் கடனுக்காக நீதிமன்றப் படியேற நேர்ந்தது.

2021 அக்டோபரில் ஓராண்டுக்கு விதிகள் தளர்த்தப்பட்ட பின்னரே நிலைமை மாறியது. பைடன் பதவியேற்பதற்கு முன்பு இத்திட்டத்தில் பயன்பெற்றவர்கள் சுமார் 7,000 பேர். 2024 அக்டோபருக்குள் அது 10 லட்சத்தைக் கடந்தது. சட்டத்தின் அடிப்படை வாசகம் மாறவில்லை. நிர்வாகத்தின் மனம் மாறியது. ஒரு திட்டத்துக்கு இது பெருமை சேர்க்கும் செய்தியா என்பது யோசிக்கத்தக்கது.

திட்டத்தின் மீது நேர்மையான விமர்சனமும் உண்டு. ஜார்ஜ்டவுன் சட்டக் கல்லூரி, பொதுநலப் பணிக்குச் செல்லும் தன் பட்டதாரிகளின் சிறிய மாதத் தவணையைத் தானே செலுத்தியது. பெரிய மீதியை அரசு தள்ளுபடி செய்தது. அத்தகைய மாணவருக்குக் கட்டணம் எவ்வளவு உயர்ந்தாலும் கவலையில்லை. இது கல்லூரிகளுக்குப் போகும் மறைமுக மானியம் என்று ‘நியூ அமெரிக்கா’ ஆய்வு நிறுவனம் சுட்டிக்காட்டியது. அந்த வாதம் சரியே. 2006 முதல் பட்டமேற்படிப்பு மாணவர்கள் படிப்புச் செலவு முழுவதையும் மத்திய அரசிடமே கடனாகப் பெற முடிந்தது கல்லூரிகளுக்கு மேலும் வசதியானது. ஆனால், கட்டணத்தை உயர்த்திய கல்லூரியைத் தண்டிக்காமல் வாடகைதாரருக்காக வாதாடும் இளம் வழக்கறிஞரைத் தண்டிப்பது எவ்வகை நியாயம்?

சிறிய திட்டங்கள் சிலவும் இருக்கின்றன. சட்ட சேவைக் கழகம் தன் நிதியில் இயங்கும் அமைப்புகளின் வழக்கறிஞர்களில் தேர்ந்தெடுக்கப்படுவோருக்கு ஆண்டுக்கு 5,600 டாலர் வரை மூன்றாண்டுகள் உதவி வந்திருக்கிறது. பப்ளிக் டிஃபெண்டர்களுக்கும் அரசுத் தரப்பு வழக்கறிஞர்களுக்கும் ஜான் ஆர். ஜஸ்டிஸ் பெயரிலான மத்திய நிதியுதவி உண்டு. மூன்றாண்டு பணியாற்ற ஒப்புக்கொள்ள வேண்டும். தொகை சிறிது, பெறுவோரும் சிலரே. ஆயினும், பத்தாண்டு முடிவில் மொத்தமாகத் தருவதாகச் சொல்லும் பெரிய தொகையைவிட, ஆண்டுதோறும் கைக்கு வரும் சிறிய தொகையே நம்பத்தக்கது. எட்டாம் ஆண்டில் நோய், மகப்பேறு, பெற்றோரின் முதுமை என ஏதோ ஒன்றால் பணியை விட நேர்ந்தவருக்கு இப்போதைய பெரிய திட்டத்தில் ஒரு டாலர்கூடத் தள்ளுபடி இல்லை. பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் கடனில் ஒரு பங்கைக் கழித்துவிட்டால் என்ன? கல்லூரிகளின் ஆசையும் அரசுகளின் மனமாற்றமும் அப்போது இவ்வளவு தூரம் பாயாது.

இப்போது இரு மாற்றங்கள் 2026 ஜூலை 1-ஐ நடைமுறை நாளாகக் கொண்டு வந்திருக்கின்றன. முதலாவது, 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டம். சட்டம், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு மத்தியக் கடன் இனி ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர் என்ற உச்சவரம்புக்குள் அடங்கும். கட்டண உயர்வுக்கு இது கடிவாளமாகலாம். அதுவரை, வரம்புக்கு மேல் தேவைப்படும் தொகைக்கு மாணவர்கள் தனியார் கடனை நாடுவார்கள். தனியார் கடனுக்குப் பொதுச் சேவைத் தள்ளுபடி பொருந்தாது.

இரண்டாவது, டிரம்ப் 2025 மார்ச்சில் பிறப்பித்த ஆணையைத் தொடர்ந்து அக்டோபர் இறுதியில் கல்வித் துறை வெளியிட்ட விதி. ‘கணிசமான சட்டவிரோத நோக்கம்’ கொண்டதாகக் கல்வித் துறைச் செயலர் முடிவுசெய்யும் நிறுவனம் தகுதி இழக்கும். குடியேற்றச் சட்டத்தை மீறத் துணைபோவது அக்காரணங்களுள் ஒன்று. குடியேறிகளுக்காக வாதாடும் சட்ட உதவி அமைப்புகள் அஞ்சுவது இதைத்தான். பல மாநிலங்களும் நகரங்களும் தொண்டு நிறுவனங்களும் இவ்விதியை எதிர்த்து நீதிமன்றம் சென்றன. விதியின்படி, நிறுவனம் தகுதி இழக்கும் நாள் வரை கட்டிய தவணைகள் கணக்கில் நிற்கும். அதன் பிறகு அங்கே பணியாற்றும் மாதங்கள் சேராது. 96 தவணை முடித்த ஒருவர் மீதி 24-க்காகத் தன் கட்சிக்காரர்களை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, தகுதியுள்ள வேறு நிறுவனத்தைத் தேடிப் போக வேண்டியிருக்கும்.