அறிவியல் புனைவில் செயற்கை மனிதர்

மனிதக் கையால் ஆக்கப்பட்டு மனித உருவில் நடமாடும் புனைவுப் பாத்திரங்கள். இரும்பு உடலும் விளக்குக் கண்களும் இவர்களுக்குப் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டவை. தொடக்கத்தில் பெயர்பெற்ற பலர் சதையால் ஆனவர்கள்.

மேரி ஷெல்லியின் 'பிராங்கன்ஸ்டைன்' (1818) நாவலில் நாயகன் விக்டர், தான் படைக்கும் உருவத்துக்காகப் பிணவறுவைக் கூடத்திலும் இறைச்சிக் கொட்டிலிலும் பொருள் திரட்டுகிறான். நுண்ணிய உறுப்புகளைக் கோப்பதில் நேரம் போகிறது என்று உருவத்தையே எட்டடிக்குப் பெருக்கிவிடுகிறான். உயிர் வந்த விதத்தை ஷெல்லி விளக்கவில்லை. நம் கண்ணில் நிற்கும் மின்னல் காட்சி 1931ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் கைவரிசை. 1886இல் பிரெஞ்சு எழுத்தாளர் வில்லியே த லீல்-ஆதாம், உயிரோடிருந்த எடிசனையே பாத்திரமாக்கி, அவர் கையால் ஓர் இயந்திரப் பெண்ணைச் செய்யவைத்தார். துணிச்சல்தான்.

'ரோபோ' என்ற பெயர் பிறந்தது செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக்கின் 'ஆர்.யு.ஆர்.' நாடகத்தில். பெயரை எடுத்துக்கொடுத்தவர் அண்ணன் ஜோசப். 1920இல் அச்சான நாடகம், 1921 ஜனவரியில் பிராக் தேசிய அரங்கில் மேடையேறியது. தீவிலுள்ள ஆலையொன்றில் பெருந்தொட்டிகளில் உடற்கூழைப் பிசைகிறார்கள். நரம்புகளை நூலாக நூற்கிறார்கள். கதைப்படி, மூத்த ரோசும் என்பவர் கடவுளுக்குப் போட்டியாக மனிதனைப் படைக்க முயன்றவர். அடுத்து வந்த இளைய ரோசும் பொறியாளர். வேலைக்கு உதவாததையெல்லாம் கழித்துவிட்டு மலிவான உழைப்பாளியை உருவாக்குகிறார். நாடகத்தின் நெஞ்சு இந்தக் கழித்தல் கணக்கில்தான் இருக்கிறது. ரோபோக்கள் கிளர்ந்தெழுந்து மனிதர்களைக் கொன்றுதீர்க்கின்றன. அதற்குள் அவற்றைத் தயாரிக்கும் சூத்திரம் எரிக்கப்பட்டுவிட்டது. நாடகம் நாடுவிட்டு நாடு போகப்போக அவற்றுக்குத் தகர உடல் வாய்த்தது. தம்முடையவை பல்சக்கரப் பொம்மைகள் அல்ல என்று சாப்பெக் 1935இல் நாளிதழில் எழுதிப் பார்த்தார், யாரும் கேட்கவில்லை.

படைத்தவனை அழிக்கும் கதையில் சலித்துப்போன ஐசக் அசிமோவ், 1942இல் 'ரன்அரவுண்ட்' சிறுகதையில் ரோபோக்களுக்கான மூன்று விதிகளை வகுத்தளித்தார். அதன்பின் அவருடைய ரோபோக் கதைகள் பெரும்பாலும் விதிகளின் இடுக்கில் மாட்டும் தர்க்கப் புதிர்களாயின. சதை திரும்பியது பிலிப் கே. டிக்கின் 1968ஆம் ஆண்டு நாவலில். கன்றுத்தோல் பணப்பை பற்றிப் பேச்சுக் கொடுத்து, கண்ணின் அசைவையும் கன்னச் சிவப்பையும் அளந்து, எதிரே இருப்பது மனிதனா என்று தீர்மானிக்கிறார்கள். இந்த நாவலைத் தழுவிய 'பிளேடு ரன்னர்' (1982) படத்தில் செயற்கை மனிதர்களுக்கு விதிக்கப்பட்ட ஆயுள் நான்காண்டு.

தமிழில் சுஜாதா 'என் இனிய இயந்திரா'வில் வாசகர்களைக் கவரவைத்தது ஜீனோ என்ற இயந்திர நாயை. மனித உருவம் பெருந்திரளைச் சென்றடைந்தது, அவர் வசனத்தில் பங்கேற்ற ஷங்கரின் 'எந்திரன்' (2010) படத்தில். ஆய்வுக்குழு நிராகரித்த சிட்டி என்ற ரோபோவுக்கு, அதை உருவாக்கிய வசீகரன் உணர்ச்சியை ஊட்டுகிறார். ஊட்டியதும் அது அவருடைய காதலியையே விரும்பத் தொடங்குகிறது.