இடாப்பில் இருந்த பெயர்கள்
கல்லூரிக்கும் பழைய மாணவிகளுக்கும் இடையிலான உறவு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, பெண்களின் ஆரோக்கியம் பற்றியே எழுதுவதென எண்ணியிருந்தோம். மருத்துவரிடம் எவரும் எதிர்பார்ப்பது அதுதானே! ஆயினும் அண்மையில் எமது கிளினிக்கில் நடந்த ஓர் உரையாடல் அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது.

நீரிழிவுக்குத் தொடர்ந்து மருந்தெடுக்கும் அக்கா ஒருவர், எமது மேசையிற் கிடந்த நூற்றாண்டு விழா அழைப்பிதழைக் கண்டதும் முகம் மலர்ந்தார்.

“டொக்டர், இது எங்கட பள்ளிக்கூடமெல்லோ! நானும் அங்கதான் படிச்சனான்.”

“அப்படியோ அக்கா, எந்த பட்ச்?”

“பட்ச் எண்டு ஒண்டும் இல்லை. 87 இல பிரச்சினை வந்த நேரம் எட்டாம் வகுப்போட நிண்டிட்டன். அதால பழைய மாணவி எண்டு சொல்லுறதில்லை.”

கொப்பியை வாங்கிக்கொண்டு அவர் போய்விட்டார். அவருடைய கடைசி வசனம் மாத்திரம் எம்முடன் தங்கிவிட்டது. யார் பழைய மாணவி? நூறு ஆண்டுகளாகச் சங்கம் நடத்தும் நாம் இந்தக் கேள்விக்கு என்ன விடை சொல்லி வந்திருக்கின்றோம்? கல்லூரி தன் பிள்ளைகளோடு தொடர்பு வைத்திருந்த விதங்களைச் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம்.

வீடு தேடிச் சென்ற காலம்

யாழ்ப்பாணத்தில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை 1824 இல் உடுவிலில் அமெரிக்க மிஷனரிமாரால் ஆரம்பிக்கப்பட்டது. ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் அதனைத் தொடக்கிய நாட்களில், பெண் பிள்ளையைப் படிக்க விடுவதற்குப் பெற்றோர் இலகுவில் இசையவில்லை. உணவு, உடை, உறைவிடம் என்பவற்றோடு, படிப்பை முடிக்கும் பிள்ளைக்குச் சீதனமும் தருவதாகச் சொல்லியே பிள்ளைகளைச் சேர்க்க வேண்டியிருந்தது.

1840 இல் இலங்கைக்கு வந்த எலைசா அக்னியூ அம்மையார் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அப்பாடசாலையை நடத்தினார். ஒருமுறையேனும் தாய்நாடு திரும்பாமல் 1883 இல் மானிப்பாயிற் காலமானார். “ஆயிரம் பெண்பிள்ளைகளின் தாய்” என அவர் அழைக்கப்பட்டதை நாம் அறிவோம். அப்பெயருக்குக் காரணம் அவர் வகுப்பறையில் கற்பித்தது மாத்திரமன்று. விடுமுறை நாட்களில் ஊர் ஊராகச் சென்று, படித்து வெளியேறிய பிள்ளைகளை அவர்களின் வீடுகளிற் சந்திப்பதை அவர் வழக்கமாகக் கொண்டிருந்தார். மதம் பரப்புதலும் அவரது நோக்கங்களுள் ஒன்று என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆயினும் படிப்பு முடிந்த பின்னரும் பிள்ளை பாடசாலையின் பிள்ளையே என்ற எண்ணம் எம் மண்ணில் அவ்வாறுதான் வேரூன்றியது.

அக்காலத்தில் யாப்பும் இல்லை, சந்தாவும் இல்லை. பழைய மாணவி பாடசாலைக்கு வரவேண்டுமென்று காத்திராமல், பாடசாலை பழைய மாணவியிடம் சென்றது.

சங்கமாகக் கூடிய காலம்

பின்னர் 1896 இல் சுண்டிக்குளி மகளிர் கல்லூரியும், 1913 இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய மருதனார்மடம் இராமநாதன் கல்லூரியும் எனப் பெண் கல்விக் கூடங்கள் பெருகின. ஆங்கிலேயப் பாடசாலைகளின் வழக்கத்தைப் பின்பற்றி, படித்து வெளியேறியோர் சங்கங்களாகக் கூடும் முறையும் எம்மிடையே வந்தது. 1905 இல் வடபகுதிக்கான புகையிரதப் பாதை முழுமை பெற்றதும், கொழும்பில் வாழ்ந்த பழைய மாணவிகள் விழாவுக்கு வந்து திரும்புவது இலகுவாயிற்று. 1920களில் எமது சங்கம் தோன்றிய சூழல் இதுவே.

வெளிநாட்டுப் பழைய மாணவிகள் என்றதும் 1983 இற்குப் பின்னர் போனவர்களையே இன்று நினைக்கின்றோம். ஆனால் அதற்கும் முன்னர் மலாயா இருந்தது. புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் வேலை பார்த்த கணவன்மாரோடு கோலாலம்பூருக்கும் சிரம்பானுக்கும் ஈப்போவுக்கும் சென்ற எம்மவர்கள் எத்தனை பேர்! மலாயாக் காசோலையிற் கட்டப்பட்ட வீடுகள் குடாநாடெங்கும் உள்ளன. பள்ளிக்கூடக் கட்டடங்களுக்கும் அந்தக் காசு வந்தது. பென்ஷன் எடுத்துத் திரும்பி வந்தவர்கள் தம் பேத்திகளை அதே பள்ளிக்கூடத்திற் சேர்த்தார்கள்.

பெருமையோடு சொல்லவேண்டிய இந்த வரலாற்றுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அக்காலத்தில் ஆங்கிலக் கல்விக்குக் கட்டணம் இருந்தது. அதனைக் கட்டக்கூடிய குடும்பங்களின் பிள்ளைகளே மேல் வகுப்புவரை சென்றனர். சாதியும் வாசலில் நின்றது. யாழ்ப்பாணப் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக வாங்கில் இருக்கும் உரிமைகூடப் போராடித்தான் பெறப்பட்டது. 1931 இல் 21 வயதைக் கடந்த பெண்கள் யாவருக்கும் இந்நாட்டில் வாக்குரிமை கிடைத்தது. வாக்களிப்பதற்குப் பரீட்சைச் சித்தி கேட்கப்படவில்லை. ஆனால் ஆங்கிலத்தில் அறிக்கை வாசித்து, ஆங்கிலத்திற் தேநீர் விருந்து நடத்திய சங்கங்களில், படிப்பை இடையில் விட்ட பெண்ணுக்கு எங்கே இடம் இருந்திருக்கும்? பழைய மாணவி என்ற சொல்லுக்குப் “படித்து முடித்தவர்” என்ற பொருள் அப்போதே ஒட்டிக்கொண்டது என்றே நாம் கருதுகின்றோம்.

கல்லூரியின் ஞாபகமாக நின்ற காலம்

1945 இல் சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. கட்டணம் கட்ட இயலாத வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் வந்தனர். கல்வி மொழியும் படிப்படியாகத் தமிழாயிற்று. 1960 இறுதியில் நிறைவேறிய சட்டத்தின்படி உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. சில கல்லூரிகள் கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலைகளாகத் தனித்து நின்றன. எமது கல்லூரி அரசாங்கப் பாடசாலையாயிற்று.

இம்மாற்றம் பழைய மாணவிகளின் பங்கையும் மாற்றியது. முன்னர் ஓர் அதிபர் இருபது, முப்பது ஆண்டுகள் இருப்பார். தன் மாணவியின் மகளையும் பேத்தியையும் அவரே சேர்ப்பார். இப்போது அதிபரும் ஆசிரியர்களும் இடமாற்றத்தில் வந்து போகின்றனர். வருபவர்களுக்குக் கல்லூரியின் பழைய கதை தெரிய நியாயமில்லை. எந்த மரத்தை யார் நட்டார், எந்த மண்டபம் எவர் காசில் எழுந்தது, கல்லூரிக் கீதத்தின் இரண்டாம் அடியை எப்படிப் பாடவேண்டும் என்பதெல்லாம் ஊரில் இருக்கும் பழைய மாணவிகளிடமே தங்கின. கல்லூரியின் ஞாபகம் மதிலுக்கு வெளியே வந்து குடியேறியது எனலாம்.

இடாப்பு இல்லாமற்போன காலம்

அந்த ஞாபகம் எவ்வளவு அவசியமானது என்பதைப் போர் எமக்குக் காட்டியது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, எழுதிவைத்தவையும் அழியக்கூடும் என்பதை எமது மூத்தோர் கண்டனர். 1990 இன் பின்னர் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, புகையிரதம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கிற் படித்த தலைமுறை எமது தலைமுறை. வெளிநாட்டுக் கடிதம் வந்துசேர மாதங்கள் சென்றன.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமம் மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது நாம் ஆண்டு 11 மாணவிகள். சாதாரண தரப் பரீட்சை நெருங்கியிருந்தது. மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்த இலட்சக்கணக்கானோருள் எமது வகுப்பும் இருந்தது. புத்தகப் பையைக் கொண்டு வந்தவர்களும் உண்டு, தம்பியைத் தூக்கியதால் அதை விட்டு வந்தவர்களும் உண்டு. வேறொரு பாடசாலையில் பின்னேர வகுப்பாக எமது கல்லூரி கூடியபோது, வந்திருந்தவர்கள் பாதிப் பேர்கூட இல்லை.

1996 இல் ஊர் திரும்பியபோது கல்லூரி அலுவலகத்தில் சேர்வு இடாப்புகள் சில இல்லை. சில மழையில் நனைந்து ஒட்டிப்போயிருந்தன. விடுகைப் பத்திரம் கேட்டு வருபவர்களுக்கு எதைப் பார்த்து எழுதிக் கொடுப்பது? வெளிநாடு சென்றவர்களுக்குப் படித்த சான்று தேவைப்பட்டது. இங்கிருப்பவர்களுக்கு வேலைக்கு விண்ணப்பிக்க அது தேவைப்பட்டது.

அப்போது ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீட்டு விறாந்தையிற் பழைய மாணவிகள் கூடினார்கள். ஆளுக்கொரு சீ.ஆர். கொப்பி. பழைய பரிசளிப்பு விழா நிகழ்ச்சி நிரல்கள், குழுப் படங்கள், ஓட்டோகிராப் புத்தகங்கள் எல்லாம் வந்தன. ஒவ்வொரு வகுப்பாகப் பெயர்களை எழுதினார்கள். எமது வகுப்பின் முறை வந்தபோது எமக்குப் படம் தேவைப்படவில்லை. காலையில் ரீச்சர் பெயர் கூப்பிடும் ஒழுங்கு மனப்பாடமாக இருந்தது. ஒருவர் தொடங்க மற்றவர்கள் தொடர்ந்தோம்.

சில பெயர்களில் நாம் நின்றோம். ஒரு நாள் வகுப்புக்கு வந்து மறுநாள் வராதவர்கள். செல் வீச்சிற் போனவர்கள். எங்கே போனார்கள் என்று வீட்டாரும் வாய் திறக்காதவர்கள். இவர்களை எழுதுவதா விடுவதா என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்தோம். ஓய்வுபெற்ற ஆசிரியை சொன்னார்: “இடாப்பில இருந்த பிள்ளை இடாப்பிலதான் இருக்கவேணும். என்ன நடந்தது எண்டு நாங்கள் எழுதத் தேவையில்லை. பேரை எழுதுங்கோ.”

எழுதினோம். எமது சங்கத்தின் நூறு ஆண்டுப் பணிகளுள் எது பெரியது என்று எம்மைக் கேட்டால், கட்டடங்களைச் சொல்லமாட்டோம். அந்தக் கொப்பிகளையே சொல்வோம்.

காசும் கண்ணும்

இன்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் மெல்பேர்ணிலும் எம்மவர்கள் கூடுகின்றார்கள். 2002 இல் ஏ9 பாதை திறந்தபோதும், 2006 இல் மூடப்பட்டு மீண்டும் திறந்தபோதும், 2014 ஒக்டோபரில் யாழ்தேவி யாழ்ப்பாணம் வந்தபோதும் அவர்கள் ஒவ்வொருவராக வந்து, தாம் இருந்த வாங்கைத் தேடினார்கள். அவர்களின் உதவியாற் புலமைப்பரிசில்களும் ஆய்வுகூட உபகரணங்களும் கிடைத்துள்ளன. அந்த நன்றியை நாம் ஒருபோதும் மறவோம்.

ஆயினும் மருத்துவராக நாம் காண்பதையும் சொல்லவேண்டும். காலை உணவில்லாமல் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு இரத்தச்சோகை. கரும்பலகை தெரியாத பிள்ளைக்குக் கண்ணாடி இல்லை. மாதவிடாய் நாட்களில் வராமல் நிற்கும் பிள்ளை பிறகு வாரக்கணக்கில் நிற்கின்றாள். தாய் வெளிநாட்டில் வேலைக்குப் போன வீட்டில், பதின்மூன்று வயதுப் பிள்ளை தம்பி தங்கையைப் பார்க்க நின்றுவிடுகின்றாள். பிள்ளை நிற்பதை வரவு இடாப்பு சொல்லும். ஏன் நிற்கின்றாள் என்பதை அந்த ஒழுங்கையில் இருப்பவரே அறிவார். ரொறன்ரோவில் இருந்து காசு அனுப்பலாம், கண் அனுப்ப முடியாது.

அடுத்த மாதம் அந்த அக்கா கிளினிக்குக்கு வந்தபோது சீனி கூடியிருந்தது. நேரத்துக்குச் சாப்பிடுவதில்லையா என்று கேட்டோம். பக்கத்து வீட்டில் தாயில்லாத பிள்ளை ஒன்று, எமது கல்லூரியில் எட்டாம் வகுப்புப் படிக்கின்றாளாம். விடிய எழும்பி அவளுக்குப் புட்டு அவித்துக் கட்டிக் கொடுத்து, பின்னலும் பின்னி அனுப்பிய பிறகுதான் தனக்குத் தேத்தண்ணி என்றார். “எட்டாம் வகுப்போட நிண்டால் என்ன எண்டு எனக்குத் தெரியுமெல்லோ, டொக்டர்.”

நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் கல்லூரியை அதன் பிள்ளையோடு இணைத்து வைத்திருப்பவர் எமது அங்கத்தவர் பட்டியலில் இல்லை! அன்று கிளினிக் முடிய நாம் சங்கத்தின் விண்ணப்பப் படிவத்தை எடுத்துப் பார்த்தோம். “இறுதியாகச் சித்தியடைந்த பரீட்சை” என்றொரு நிரல் அதில் இருக்கின்றது. நாமும் ஒரு காலத்தில் யோசியாமல் நிரப்பிய நிரல்தான் அது. அதனை “கல்வி கற்ற காலம்” என மாற்றும்படி நிருவாக சபைக்கு எழுதியுள்ளோம். ஒரு தவணை படித்தவரும் பழைய மாணவியே. இயலாதவர்களிடம் சந்தா கேட்கக்கூடாது என்பதும், இப்போதைய மாணவிகள் அயலில் உள்ள ஒழுங்கைகளுக்குச் சென்று இத்தகையோரைச் சந்தித்துப் பெயர்களைப் பதியவேண்டும் என்பதும் எமது வேண்டுகோள். பாடசாலை வீடு தேடிச் சென்ற பழைய வழக்கத்துக்கு நாம் திரும்பினால் போதும்.

அக்காவின் படிவத்தை நாமே நிரப்பிக் கொடுத்திருக்கின்றோம். விழாவுக்கு அந்தப் பிள்ளையையும் கூட்டி வருவதாகச் சொல்லியிருக்கின்றார்.

இம்மலரைக் கையிலெடுக்கும் சகோதரிகளே! எந்த நாட்டில் இருந்தாலும் உங்கள் வகுப்பின் இடாப்பை ஒருமுறை மனதுக்குள் முதலிலிருந்து கூப்பிட்டுப் பாருங்கள். எந்தப் பெயரில் தயங்கி நிற்கின்றீர்களோ, அந்தப் பெயரை எமக்கு எழுதி அனுப்புங்கள்.