பத்தில் ஒன்றைக் குறைத்த கணக்கு

நாட்டில் டாக்டர்கள் தேவைக்கு மேல் பெருகிவிடுவார்கள் என்று 1957-இல் பிரிட்டன் அஞ்சியது. முன்னாள் சுகாதார அமைச்சர் ஹென்றி வில்லிங்க் தலைமையிலான குழு, மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைக்கலாம் என்று பரிந்துரைத்தது.

சில ஆண்டுகளிலேயே கணக்கு பொய்த்தது. பிறப்பு விகிதம் உயர்ந்து, மக்கள்தொகை குழு எண்ணியதைவிட வேகமாக வளர்ந்தது. படித்து முடித்த டாக்டர்களில் பலர் ஆஸ்திரேலியாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் குடிபெயர்ந்தார்கள். காலியான இடங்களுக்கு வந்தவர்கள் இந்தியா, பாகிஸ்தான், இலங்கைக் கல்லூரிகளில் படித்தவர்கள். வேல்ஸின் சுரங்க ஊர்களிலும், உள்ளூர் டாக்டர்கள் விரும்பாத முதியோர் மருத்துவம், மனநலம் போன்ற துறைகளிலும் அவர்கள்தான் சுமையைத் தாங்கினார்கள். 1968-இல் டாட் பிரபுவின் அரச ஆணையம், சேர்க்கையைப் பெருமளவு கூட்டச் சொன்னது. நாட்டிங்ஹாம், சவுத்தாம்ப்டன், லெஸ்டர் நகரங்களில் புதிய மருத்துவக் கல்லூரிகள் எழுந்தன.

வில்லிங்க் குழு எங்கே தவறியது என்பதை விளக்கும் கருவி, அதே காலத்தில் அமெரிக்காவில் உருவாகிக்கொண்டிருந்தது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் கென்டக்கி ஆலைகளில் ஒரு சமயம் வேலை குவியும். சில ஆண்டுகளில் ஆட்குறைப்பு நடக்கும். காரணம் தேடிய எம்.ஐ.டி. பேராசிரியர் ஜே ஃபாரஸ்டர், பென்சிலும் நோட்டுப் புத்தகமுமாக உட்கார்ந்து, ஆலை ஆள் எடுக்கும் விதிகளை வாரம் வாரமாக ஓட்டிப் பார்த்தார். வெளியிலிருந்து வரும் ஆர்டர் மாறாமல் இருந்தாலும், அந்த விதிகளே ஏற்ற இறக்கத்தை உண்டாக்குவது தெரிந்தது. பிறகு இந்த வேலையைக் கணினி ஏற்றுக்கொண்டது. ‘சிஸ்டம் டைனமிக்ஸ்’ என்ற சிமுலேஷன் முறை பிறந்தது அப்படித்தான்.

டாக்டர்களின் எண்ணிக்கையை இந்த முறை ஒரு தண்ணீர்த் தொட்டியாகப் பார்க்கிறது. மாணவர்களும் வெளிநாட்டிலிருந்து வருபவர்களும் உள்ளே பாயும் குழாய்கள். ஓய்வும் குடிபெயர்வும் வடிகால்கள். இன்று திறக்கும் மாணவர் குழாயின் நீர் ஒரு சிறப்பு மருத்துவராகத் தொட்டிக்கு வந்துசேரப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதற்குள் ஊர் மக்களின் வயதும் நோயும் மாறிவிடும்.

2010-இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட பணியாளர் நுண்ணறிவு மையம் இந்த முறையைக் கையில் எடுத்தது. ஒற்றை எண்ணைச் சொல்லாமல், பல எதிர்காலங்களை அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தது. அந்தக் கணக்குகளையும் வைத்து நடந்த 2012 ஆய்வு, சேர்க்கையை 2 சதவீதம் குறைக்கச் சொன்னது. நான்கே ஆண்டுகளில் அரசு திசைமாறி, ஆண்டுக்கு 1,500 இடங்களைக் கூட்டுவதாக அறிவித்தது.

2023-இல் தேசிய சுகாதார சேவை வெளியிட்ட நீண்டகாலத் திட்டம், மருத்துவ இடங்களை 15,000 ஆக இரட்டிப்பாக்க விரும்பியது. அதன் கணக்கை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகப் போடுவதாகவும் அதே திட்டத்தில் எழுதிவைத்தார்கள்.