மரத்தில் காய்த்த காசு

கமுந்திங் என்றதும் பலருக்குத் தடுப்பு முகாம்தான் நினைவுக்கு வரும். எனக்கு நினைவுக்கு வருவது இங்கே தொழிற்பேட்டையில் நான் சொதப்பிய ஒரு நேர்முகத் தேர்வு. பொறியியல் முடித்த கையோடு போயிருந்தேன். எல்லாம் நல்லாத்தான் போச்சு. கடைசியில், சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறாய் என்று மேலாளர் கேட்டார். நான் தயங்குவதைப் பார்த்துவிட்டு, "டோண்ட் செல் யுவர்செல்ஃப் ஷார்ட்" என்றார். நான் கொஞ்சம் குள்ளம். கிண்டல் செய்கிறார் என்று நினைத்து அசட்டுச் சிரிப்புச் சிரித்துவிட்டு, 2,300 வெள்ளி என்றேன். உடனே எழுதிக்கொண்டார். "உன் மதிப்பை நீயே குறைத்துக்கொள்ளாதே" என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார். என்னோடு சேர்ந்த நண்பன் 2,800 வாங்குகிறான் என்று ஆறு மாதம் கழித்துத் தெரிந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

வீட்டில் பாட்டியிடம் சொன்னேன். முப்பது வருஷம் பால்மரம் சீவியவர். "மாசம் ஐந்நூறு வெள்ளிய விட்டுட்டு வந்து நிக்கிறியே, காசு என்ன மரத்துலயா காய்க்குது?" என்றவர், கொஞ்ச நேரம் கழித்து, "எங்கப்பாவ அப்படிச் சொல்லித்தானே கூட்டியாந்தாங்க" என்றார்.

அந்த ஒரு வரி என்னைத் தேட வைத்தது. பள்ளியில் "பென்னி வைஸ், பவுண்ட் ஃபூலிஷ்" என்று மனப்பாடம் செய்திருக்கிறோம். பென்னியையும் பவுண்டையும் எங்கள் வீட்டில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. வெள்ளைக்காரன் ஆண்ட காலத்திலும் மலாயாவில் புழங்கியது டாலர்தான். 1906-ல் ஒரு டாலருக்கு 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று விலை கட்டினார்கள். விளிம்பு பல் பல்லாக இருந்த ஸ்பானிய நாணயத்தைப் பார்த்து மலாய்க்காரர் ரிங்கிட் என்றார்கள். நாம் அதன் உலோகத்தைப் பார்த்து வெள்ளி என்றோம். 1975-ல் ரிங்கிட் என்பதே அதிகாரப்பூர்வப் பெயரான பிறகும் நமக்கு அது வெள்ளிதான்.

இப்படிச் சொற்கள் ஒரு பக்கமாக மட்டும் போகவில்லை. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி 1818 வரை வைத்திருந்த கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். நம் காசு போர்ச்சுகீசியர் வாய்வழியாக ஆங்கிலத்தில் 'கேஷ்' என்ற சில்லறை நாணயமாகவும், பணம் 'ஃபனம்' ஆகவும் மாறின. (ரொக்கத்தைக் குறிக்கும் இன்றைய கேஷ் வேறு. அது பணப்பெட்டிக்கான பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. தமிழ்ப் பெருமையில் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.) வராகனை ஆங்கிலேயர் 'பகோடா' என்றார்கள். இந்தியாவுக்கு வந்து சீக்கிரமாகப் பெரும் பணம் சேர்ப்பதை 'பகோடா மரத்தை உலுக்குவது' என்றார்கள். 1886-ல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் இந்தத் தொடர் இருக்கிறது. ஆக, காசு காய்க்கும் மரம் அவர்கள் பேச்சிலும் இருந்தது. உலுக்கியவர்கள் அவர்கள் என்பதுதான் வித்தியாசம்.

மலாயாவில் அந்த மரம் ரப்பர். தோட்டத்துரை முன்பணம் கொடுத்துக் கங்காணியை அவன் ஊருக்கே அனுப்புவார். கப்பல் செலவு முதல் எல்லாம் வருகிறவன் பேரில் கடனாக ஏறும். 1907-ல் தமிழர் குடியேற்ற நிதி வந்தது. முதலாளிகள் கட்டிய அந்தப் பணத்தில் ஆட்கள் கடனில்லாமல் வந்து இறங்கினார்கள். தலைக்காசு மட்டும் நிற்கவில்லை. காலைப் பெரட்டில் வந்து நிற்கும் ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்கு ஓரிரு சென். ஆங்கிலத்தில் இதற்குப் பெயர் 'ஹெட் மணி'. அகராதி இல்லாமலே எங்கள் ஆட்களுக்குப் புரிந்த ஆங்கிலத் தொடர் இதுவாகத்தான் இருக்கும்.

கூலி என்ற சொல்லுக்கு நேர்ந்தது இதைவிட மோசம். ஆங்கிலத்தில் உள்ள 'கூலி'க்குக் குஜராத்தின் கோலி சமூகப் பெயரை வேராகச் சொல்கிறவர்கள் உண்டு, தமிழ்க் கூலியைச் சொல்கிறவர்களும் உண்டு. எப்படியானாலும், தமிழில் கூலி என்பது ஒருவன் உழைத்துவிட்டுக் கையில் வாங்குவது. அவர்கள் மொழியில் அது அவனுடைய பெயராகவே ஆகிவிட்டது.

பெயரே விலையாகிவிட்டவனிடம், எவ்வளவு வேண்டும் என்று யார் கேட்பார்கள்? பாட்டியின் அப்பா வந்தது 1920களில். அந்தப் பத்தாண்டின் கடைசியில் முக்கியப் பகுதிகளில் ஆணுக்கு 50 சென், பெண்ணுக்கு 40 சென் நாட்கூலி என்று அரசாங்கம் முடிவு செய்தது. உலகச் சந்தையில் ரப்பர் விழுந்ததும் அதையும் குறைத்தார்கள். தாங்களாகவே கேட்டவர்களும் உண்டு. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில், சீனத் தொழிலாளிக்குக் கொடுப்பதையே எங்களுக்கும் கொடு, துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கச் சொல்லாதே என்று வேலைநிறுத்தம் செய்தார்கள். பட்டாளம் வந்தது. உயிர்கள் போயின.

அதே ஆண்டு இறுதியில் ஜப்பான்காரன் வந்தான். அவன் அடித்த பத்து டாலர் நோட்டில் வாழைமரம். ஆங்கிலத்தில் 'பனானா மணி' என்பார்கள். 1945-ல் திரும்பி வந்த பிரிட்டிஷ்காரர்கள் அது செல்லாது என்றுவிட்டார்கள். அதில் ஒன்றைப் பாட்டி இன்னும் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறார். "இதான் எங்கப்பாவுக்கு மரத்துல காய்ச்சது" என்பார்.

இதையெல்லாம் படித்த பிறகு அந்த நேர்முகத் தேர்வை வேறு மாதிரிப் பார்க்கிறேன். என் ஆங்கிலம் போதவில்லை, உண்மை. ஆனால் அந்தத் தொடரின் பொருள் தெரிந்திருந்தாலும் அன்று 2,300 என்றுதான் சொல்லியிருப்பேன் என்று தோன்றுகிறது. எங்கள் குடும்பத்தில் எவ்வளவு வேண்டும் என்று கேட்கப்பட்ட முதல் ஆள் நான். பெரட்டில் நிற்பவனைப் போலப் பதில் சொல்லியிருக்கிறேன்.

போன வருஷம் வேறு வேலைக்குப் போனபோது அதே கேள்வி வந்தது. இந்த முறை வீட்டிலேயே கணக்குப் போட்டு வைத்திருந்த தொகையைச் சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் பாட்டி கேட்டார்:

"எவ்வளவுய்யா கேட்ட?"

சொன்னேன்.

"தொர என்ன சொன்னாரு?"

"யோசிச்சுச் சொல்றேன்னாரு பாட்டி."

"யோசிக்கட்டும். நீ சாப்புடு."